மறுபடி தெரிந்தால்தான் நிலவு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2025 மார்ச் மாதத்தில் ஒரே அறிவிப்பில் சனிக் கோளுக்கு 128 புதிய நிலவுகள் கூடின. 146 என்றிருந்த கணக்கு 274 ஆயிற்று. அந்த ஆண்டுக் கணக்கின்படி வியாழனுக்கு 97, யுரேனசுக்கு 29, நெப்டியூனுக்கு 16. நாங்கள் பள்ளியில் படித்த காலத்தில் வியாழனுக்குப் பன்னிரண்டு, சனிக்கு ஒன்பது என்று மனப்பாடம் செய்தோம். இன்றைய மாணவர் எந்த எண்ணை மனப்பாடம் செய்தாலும் தேர்வு நாளுக்குள் அது பழசாகிவிடலாம். ஆகவே எண்ணிக்கையை ஒதுக்கிவைத்துவிட்டு, அதைவிட அடிப்படையான ஒரு கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். தொலைநோக்கியில் தெரியும் ஓர் ஒளிப்புள்ளியை "இது இன்ன கோளின் நிலவு" என்று சொல்லும் உரிமை ஒருவருக்கு எப்போது வருகிறது?

என் துணிபை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்த்தவுடன் அந்த உரிமை வருவதில்லை. அது நாளை எங்கே இருக்கும், அடுத்த மாதம் எங்கே இருக்கும் என்று கணக்கிட்டு, சொன்ன இடத்தில் அதை மறுபடி காட்டும்போதுதான் வருகிறது. கடந்த நானூறு ஆண்டுகளில் நிலவு தேடியவர்களின் பெருமையும் சறுக்கலும் இந்த ஒரு விதியைச் சுற்றியே நடந்திருக்கின்றன.

1610 சனவரி 7 அன்று இரவு, இத்தாலியின் பதுவா நகரில் கலிலியோ ஏறத்தாழ இருபது மடங்கு பெரிதாக்கிக் காட்டும் தன் தொலைநோக்கியை வியாழனை நோக்கித் திருப்பினார். கோளுக்குப் பக்கத்தில் மூன்று சிறு விண்மீன்கள், கிழக்கே இரண்டு, மேற்கே ஒன்று. அவை ஒரே கோட்டில் நின்றதுதான் அவர் கவனத்தை இழுத்தது. மறுநாள் பார்த்தால் மூன்றுமே மேற்கே இருந்தன. வியாழன்தான் நகர்ந்துவிட்டதோ, அட்டவணைகள் தவறோ என்று அவர் ஐயுற்றார். சனவரி 10 அன்று இரண்டே தெரிந்தன, அதுவும் கிழக்கே. நகர்வது அந்தப் புள்ளிகள்தாம் என்பது அப்போது அவருக்கு உறுதிப்பட்டது. 13-ஆம் நாள் நான்காவதும் தெரிந்தது. மார்ச் மாதத்திலேயே வெனிஸ் நகரில் புத்தகம் அச்சாகி வெளிவந்துவிட்டது.

இந்தக் கதையை எல்லோரும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதற்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகள்தான் முக்கியமாகப் படுகின்றன. புத்தகம் வெளிவந்தபோது அந்த நான்கு நிலவுகள் சுற்றிவர எத்தனை நாள் பிடிக்கும் என்பதை அவரால் சொல்ல முடியவில்லை. நான்கும் ஒன்றுபோலவே ஒளிர்கின்றன, ஒன்றையொன்று கடக்கின்றன, கோளின் முன்னும் பின்னும் மறைகின்றன. இன்று கிழக்கே நிற்பது நேற்று எது என்று எப்படிப் பிரித்தறிவது? கெப்ளரே இது மிகக் கடினம் என்று கருதினார். கலிலியோ விடவில்லை. வாய்த்த இரவுகளிலெல்லாம் குறித்துக் குறித்து, 1612-க்குள் நான்கின் சுற்றுக்காலங்களையும் இன்றைய அளவுக்கு மிக நெருக்கமாகக் கண்டுவிட்டார். அயோவுக்கு ஏறத்தாழ 42 மணி 30 நிமிடம், கலிஸ்டோவுக்குப் பதினாறே முக்கால் நாள். அயோ, யூரோப்பா, கனிமீடு, கலிஸ்டோ என்ற பெயர்கள் கலிலியோ வைத்தவை அல்ல. ஜெர்மானியரான சைமன் மாரியஸ் 1614-ல் வெளியிட்ட நூலில் உள்ளவை. தானும் அதே நாட்களில் அவற்றைக் கண்டதாக மாரியஸ் எழுதியதால் பெரும் பூசல் எழுந்தது. பூசலை விட்டுவிடுவோம். சுற்றுக்காலம் கிடைத்ததுமே அந்த நான்கு புள்ளிகளும் உலகத்துக்கே பொதுவான ஒரு கடிகாரம் ஆகிவிட்டன என்பதே பெரிது.

ஒரு நிலவு வியாழனின் நிழலுக்குள் நுழையும் கணம் பூமியில் எங்கிருந்து பார்த்தாலும் அதே கணம்தான். அந்தக் கணத்தில் பாரிசில் உள்ளூர் நேரம் என்ன, உங்கள் ஊரில் உள்ளூர் நேரம் என்ன என்று தெரிந்தால், மணிக்குப் பதினைந்து பாகை வீதம் இரு ஊர்களுக்கும் இடையிலான தீர்க்கரேகை வேறுபாடு கிடைத்துவிடும். வானியலாளர் காசினி 1668-ல் இந்தக் கிரகணங்களுக்கு அட்டவணை வெளியிட்டார். ஆடும் கப்பலில் இந்த முறை எடுபடவில்லை. நிலத்தில் நன்றாக எடுபட்டது. பிரான்சு நாட்டின் வரைபடமே இதனால் திருத்தப்பட்டது.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 1786-ல் வில்லியம் பெட்ரி எழும்பூரில் தன் வீட்டில் அமைத்த வானாய்வகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டு, 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் கட்டியது. அதன் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் அங்கே வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழிலும் கல்வெட்டு இருக்கிறது. சென்னையின் தீர்க்கரேகையை நிலைநாட்ட அங்கிருந்தவர்கள் கையாண்ட முதன்மையான வழி வியாழ நிலவுகளின் கிரகணம். ஜான் கோல்டிங்ஹாம் பல ஆண்டுகள் அந்தக் கிரகண நேரங்களைக் குறித்து, 1808-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். 1822-ல் சென்னை, கல்கத்தா, பம்பாய் மூன்றின் இருப்பிடத்தையும் பற்றிய விரிவான கட்டுரையைத் தந்தார். பரங்கிமலையில் 1802-ல் லாம்டன் தொடங்கிய பெரும் நில அளவைக்குச் சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகைதான் ஆதாரப் புள்ளி. இந்தியாவின் நவீன வரைபடத்தின் அடியில் வியாழனின் நிலவுகள் இருக்கின்றன என்று சொன்னால் அது மிகையாகாது.

அதே அட்டவணைதான் இன்னொரு பெரிய உண்மையையும் தந்தது. பூமி வியாழனை விட்டு விலகிப் போகும் மாதங்களில் அயோவின் கிரகணங்கள் கணக்கிட்ட நேரத்துக்குப் பிந்துகின்றன. நெருங்கி வரும் மாதங்களில் முந்துகின்றன. பாரிசில் பணியாற்றிய டென்மார்க்குக்காரர் ஓலே ரோமர், ஒளி பயணம் செய்ய நேரம் எடுத்துக்கொள்கிறது என்று 1676-ல் அறிவித்தார். பூமிப் பாதையின் விட்டத்தைக் கடக்க ஒளிக்கு 22 நிமிடம் ஆகும் என்பது அவர் கணக்கு. சரியான அளவு பதினாறரை நிமிடத்துக்குச் சற்று அதிகம். எண்ணில் பிழை இருந்தாலும், ஒளிக்கு வேகம் உண்டு என்று காட்டிய முதல் சான்று அது.

சனியின் பக்கம் வருவோம். 1655 மார்ச் 25 அன்று கிறிஸ்டியான் ஹைகன்ஸ் டைட்டனைக் கண்டார். பிறகு காசினி நான்கு: 1671-ல் அயப்பிட்டஸ், 1672-ல் ரியா, 1684-ல் டெத்திஸ், டயோனி. இவற்றுள் அயப்பிட்டசிடம் சற்று நிற்க வேண்டும். அது சனிக்கு மேற்கே இருக்கும்போது காசினிக்கு நன்றாகத் தெரிந்தது. கிழக்கே வந்திருக்க வேண்டிய நாட்களில் காணவே இல்லை. வேறொருவராக இருந்தால் பார்த்ததே பிழையோ என்று கைவிட்டிருப்பார். காசினி தன் கணக்கை நம்பினார். நிலவு அங்கேதான் இருக்கிறது. அதன் ஒரு பாதி கரியது, மறு பாதி வெண்மையானது. நம் நிலவைப் போல அதுவும் ஒரே முகத்தைக் கோளுக்குக் காட்டிக்கொண்டு சுற்றுவதால் கிழக்கே போகும்போது கரிய பாதி நம் பக்கம் வருகிறது என்றார். 1705-ல் மேம்பட்ட தொலைநோக்கியில் கிழக்குப் பக்கத்திலும் அதை மங்கலாகப் பார்த்துவிட்டார். மூன்று நூற்றாண்டுகள் கழித்து, அவர் பெயரையே தாங்கிய காசினி விண்கலம் எடுத்த படங்களில் அயப்பிட்டஸ் அவர் சொன்னபடியே ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் பனி என்று இருந்தது. நிலவு வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த கணிப்பு இதுதான்.

நல்ல பார்வையாளர்களுக்கும் கண் பொய் சொல்லும். யுரேனசைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலைவிடக் கூர்மையான பார்வையாளர் அவர் காலத்தில் இல்லை. தன் இருபது அடித் தொலைநோக்கியில் இருந்த சிறிய இரண்டாம் கண்ணாடியை நீக்கிவிட்டு, பெரிய கண்ணாடியின் ஒளியை நேரடியாகப் பார்க்கும் ஏற்பாட்டுக்கு மாறியதும், 1787 சனவரி 11 அன்று யுரேனசின் இரண்டு நிலவுகளைக் கண்டார். இன்று அவை டைட்டானியா, ஒபரான். 1789-ல் நாற்பது அடித் தொலைநோக்கி முடிந்ததும் சனிக்கு என்செலடஸ், மைமாஸ் இரண்டையும் சேர்த்தார். இவை நான்கும் நிலைத்தன. ஆனால் யுரேனசுக்கு மேலும் நான்கு நிலவுகள் உண்டென்று 1798-ல் அவர் எழுதியவை நிலைக்கவில்லை. பின்னணியில் இருந்த மங்கலான விண்மீன்களை அவர் நிலவுகளாகக் கொண்டிருக்க வேண்டும். ஹெர்ஷலின் சொல்லுக்கு இருந்த மதிப்பினால், யுரேனசுக்கு ஆறு நிலவுகள் என்று அரை நூற்றாண்டுக்கு மேல் நூல்களில் எழுதிவந்தார்கள்.

அதைத் திருத்தியவர் வில்லியம் லாசெல். லிவர்பூலில் பீர் வடித்து விற்றுச் செல்வம் சேர்த்தவர். அந்தச் செல்வத்தைக் கண்ணாடி தேய்ப்பதில் செலவிட்டவர். தேய்ப்பதற்கு நீராவி இயந்திரமே வைத்திருந்தார். 1846 செப்டம்பர் 23 அன்று நெப்டியூன் கண்டுபிடிக்கப்பட்டது. வில்லியம் ஹெர்ஷலின் மகன் ஜான் ஹெர்ஷல், அதற்கு நிலவு உண்டா என்று உடனே தேடும்படி லாசெலுக்குக் கடிதம் எழுதினார். அக்டோபர் 10 அன்று, கோள் கிடைத்த பதினேழாம் நாள், லாசெல் டிரைட்டனைக் கண்டார். அதே நாட்களில் நெப்டியூனைச் சுற்றி ஒரு வளையத்தையும் கண்டதாக எழுதினார். டிரைட்டனை அவர் அடுத்த ஆண்டு தொடர்ந்து நோக்கிப் பாதையை உறுதி செய்தார், அது நிலைத்தது. வளையத்தையும் அப்படியே தொடர்ந்து சோதித்தார். அது தொலைநோக்கியின் திருகலால் வந்த தோற்றம் என்று தெரிந்தது, தானே கைவிட்டார். ஒரே மனிதர், ஒரே கருவி, ஒரே பருவம். ஒன்று மெய், ஒன்று மாயை. இரண்டையும் பிரித்துக் காட்டியது அடுத்தடுத்த இரவுகள்தாம். 1851-ல் யுரேனசுக்கு ஏரியல், அம்பிரியல் இரண்டையும் அவர் கண்டபோது, பெரிய ஹெர்ஷல் சொன்ன அந்த நான்கில் ஒன்றும் அங்கே இல்லை என்பது தெளிவாகிவிட்டது.

கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்த கடைசி நிலவு, லிக் வானாய்வகத்தில் எட்வர்ட் பர்னார்டு 1892 செப்டம்பர் 9 அன்று வியாழனை ஒட்டிக் கண்ட அமால்தியா. அதன்பின் புகைப்படத் தகடு வந்தது. பெரு நாட்டின் அரெக்கிப்பாவில் 1898-ல் எடுத்த தகடுகளிலிருந்து வில்லியம் பிக்கரிங் சனியின் ஃபீபியைக் கண்டு அடுத்த ஆண்டு அறிவித்தார். தகட்டில் விழுந்த புள்ளி அழியாது. ஆகவே இனிப் பிழை வராது என்று எண்ணத் தோன்றும். பிக்கரிங்கே 1905-ல் தெமிஸ் என்று சனிக்குப் பத்தாம் நிலவொன்றை அறிவித்தார். பிரெஞ்சு அறிவியல் அகாதெமி ஒன்பதாம், பத்தாம் நிலவுகளைக் கண்டதற்காக அவருக்கு லலாந்து பரிசும் கொடுத்தது. ஃபீபி இன்றும் இருக்கிறது. தெமிசை அவருக்குப் பின் யாரும் பார்க்கவில்லை. அப்படியொன்று இல்லவே இல்லை.

தகட்டைப் பொறுமையாகப் படித்தவர்களில் ஒருவர் சேத் நிக்கல்சன். 1914-ல் மாணவராக லிக் வானாய்வகத்தில் இருந்தபோது, வியாழனின் எட்டாம் நிலவைப் பின்தொடரும் வேலை அவரிடம் இருந்தது. பழைய நிலவைத் தவறவிடாமல் இருக்க எடுத்த தகடுகளில் ஒன்பதாம் நிலவு விழுந்திருந்தது. 1938-ல் இரண்டு, 1951-ல் ஒன்று என்று மேலும் மூன்றைப் பிறகு கண்டார். அவற்றுக்குப் பெயர் வைக்க அவர் முன்வரவில்லை. 1975-ல் சர்வதேச வானியல் ஒன்றியம்தான் வைத்தது.

1966-ல் நடந்தது எனக்கு இன்னும் வியப்பூட்டுவது. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை சனியின் வளையங்கள் நமக்கு விளிம்பைக் காட்டி மெல்லிய கோடாகிவிடும். வளையத்தின் கண்கூசும் ஒளி அடங்கும் அந்த நாட்கள்தாம் அதை ஒட்டியுள்ள சிறு நிலவுகளைத் தேட ஏற்றவை. டிசம்பர் 15 அன்று பிரான்சின் டொல்ஃபூஸ் ஒரு புதிய நிலவைக் கண்டு ஜானஸ் என்று பெயரிட்டார். மூன்று நாள் கழித்து அமெரிக்காவில் ரிச்சர்ட் வாக்கரும் ஒன்றைக் கண்டார். இரண்டும் ஒன்றே என்றுதான் எல்லோரும் கொண்டார்கள். ஆனால் எல்லாக் குறிப்புகளையும் ஒரே பாதையில் பொருத்தப் பார்த்தால் பொருந்த மறுத்தன. பன்னிரண்டு ஆண்டுகள் இந்த முடிச்சு அவிழவில்லை. 1978-ல் ஃபவுன்டன், லார்சன் இருவரும் அந்தப் பழைய குறிப்புகளையே மறுபடி எடுத்து ஆராய்ந்து, ஏறக்குறைய ஒரே பாதையில் இரண்டு நிலவுகள் ஓடுகின்றன என்று கொண்டால் எல்லாம் பொருந்தும் என்று காட்டினார்கள். 1980-ல் வாயேஜர் 1 விண்கலம் அதை உறுதிப்படுத்தியது. இரண்டாவதன் பெயர் எபிமீதியஸ்.

இரண்டின் பாதைகளுக்கும் இடைவெளி ஏறத்தாழ 50 கிலோமீட்டர். நிலவுகளோ ஒவ்வொன்றும் நூறு கிலோமீட்டருக்கு மேல் அகலம். உள்ளே ஓடுவது சற்று வேகமாக ஓடி வெளியே உள்ளதைப் பிடிக்க நெருங்கும். மோத வேண்டிய அந்த நேரத்தில் ஒன்றன் ஈர்ப்பு மற்றொன்றின் பாதையை மாற்றிவிடும். உள்ளே இருந்தது வெளியே போகும், வெளியே இருந்தது உள்ளே வரும், இரண்டும் மறுபடி விலகும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இந்த இடமாற்றம் நடந்துகொண்டே இருக்கிறது. "பொருந்தவில்லை" என்ற குறிப்பை மூடி வைத்திருந்தால் சூரியக் குடும்பத்தின் இந்த அதிசயம் வாயேஜர் வரும்வரை யாருக்கும் தெரிந்திருக்காது.

இப்போது சவ்வாது மலைக்கு வருகிறேன். இந்த உரைக்கு நான் ஒப்புக்கொண்டதற்கே முதற் காரணம் அங்குள்ள காவலூர் வானாய்வகம்தான்.

ஒரு கோளோ நிலவோ தன் பாதையில் போகும்போது தொலைவில் உள்ள ஒரு விண்மீனை மறைக்கும். விண்மீனின் ஒளி எந்தக் கணத்தில் மங்கியது, எந்தக் கணத்தில் மீண்டது, எப்படி மங்கியது என்று அளந்தால், மறைத்த பொருளின் அளவும் அதற்குக் காற்று உண்டா என்பதும் தெரியவரும். காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது 1972-ல். அந்த ஆண்டு சூன் 7 அன்றே கனிமீடு ஒரு விண்மீனை மறைத்ததை அங்கிருந்தும், ஜாவாவின் லெம்பாங்கிலிருந்தும் பதிவு செய்தார்கள். கனிமீடுக்கு மிக மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்ற முதல் வாதம் அந்தப் பதிவுகளிலிருந்து எழுந்தது. இருப்பது அவர்கள் எண்ணியதைவிட மிக மிக மெல்லியது என்று பின்னர் வாயேஜர் காட்டியது.

1977 மார்ச் 10. யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கப் போகிறது. கோளின் விட்டத்தையும் வளிமண்டலத்தையும் அளப்பதே எல்லோருடைய நோக்கமும். ஜேம்ஸ் எலியட் தலைமையிலான அமெரிக்கக் குழு, தொலைநோக்கி பொருத்திய கைப்பர் விமானத்தில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு மேலே பறந்துகொண்டிருந்தது. மறைப்பு எப்போது தொடங்கும் என்ற கணிப்பில் ஐயம் இருந்ததால், முன்கூட்டியே பதிவைத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் வானாய்வகத்தில் ஒரு குழு. இங்கே காவலூரில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும்.

காவலூரிலிருந்து பார்க்கையில் யுரேனசின் வட்டு அந்த விண்மீனை மறைக்கவில்லை, பக்கத்தில் ஒதுங்கிப் போயிற்று. ஆனால் பதிவில் ஓரிடத்தில் விண்மீன் சில விநாடிகள் மங்கி மீண்டிருந்தது. மேகமா, கருவிக் கோளாறா என்று தள்ளிவிடக்கூடிய அளவே அந்த மங்கல். அவர்கள் தள்ளவில்லை. யுரேனசின் அறியப்படாத ஒரு நிலவு விண்மீனைக் கடந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். "யுரேனசின் புதிய துணைக்கோள்" என்ற பொருள்படும் தலைப்புடன் அவர்களுடைய கட்டுரை அந்த ஆண்டு மே மாத நேச்சர் இதழில் வந்தது.

விமானத்தில் இருந்தவர்களும் கோள் மறைப்புக்கு முன்னால் இப்படிச் சில மங்கல்களைக் கண்டு, சிறு நிலவுகளோ என்றுதான் முதலில் எண்ணினார்கள். மறைப்பு முடிந்து கோளின் மறுபக்கத்திலும் அவர்கள் பதிவைத் தொடர்ந்தார்கள். அங்கேயும் மங்கல்கள். முன்னால் வந்தவற்றையும் பின்னால் வந்தவற்றையும் ஒப்பிட்டபோது, கோளின் மையத்திலிருந்து இரு பக்கமும் சமதூரத்தில் அவை அமைந்திருந்தன. நிலவு இரு பக்கமும் சமதூரத்தில் இருக்க முடியாது. வளையம் மட்டுமே இருக்க முடியும். எலியட் குழுவின் கட்டுரையும், பெர்த் குழுவின் கட்டுரையும், காவலூர்க் கட்டுரையும் அதே நேச்சர் இதழில் அடுத்தடுத்த பக்கங்களில் அச்சாயின. சனிக்கு மட்டுமே வளையம் உண்டு என்றிருந்த முன்னூறு ஆண்டு நம்பிக்கை அன்றோடு முடிந்தது. காவலூரில் பதிவானது எப்சிலான் என்று பெயர் பெற்ற, யுரேனசின் மிகத் தெளிவான வளையம். பட்டாச்சார்யாவும் வைணு பாப்புவும் தங்கள் பதிவை மறுபடி ஆராய்ந்து, அதே ஆண்டில் வளைய அமைப்பைப் பற்றி நேச்சரில் இன்னொரு கட்டுரையும் எழுதினார்கள்.

இதைக் காவலூரின் தோல்வி என்று சொல்வாரை நான் கேட்டிருக்கிறேன். அதை ஒருபோதும் ஏற்கமாட்டேன். அவர்கள் பதிவு மெய்யானது. விண்மீன் மெய்யாகவே மங்கியது. அதை உலகம் சோதிக்கும்படி உடனே அச்சில் வைத்தார்கள். அவர்களுக்குக் கிடைக்காதது மறுபக்கத்து மங்கலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு. ஒருமுறை தெரிந்ததைக் கொண்டு நிலவா வளையமா என்று எவராலும் பிரிக்க முடியாது. விமானத்துக்கு இரண்டாம் முறை தெரிந்தது, அவ்வளவே வேறுபாடு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1986 சனவரியில் வாயேஜர் 2 யுரேனசை அடைந்தபோது, அந்த எப்சிலான் வளையத்துக்கு உட்புறம் ஒரு நிலவும் வெளிப்புறம் ஒரு நிலவும் ஓடுவதைப் படம் பிடித்தது. கார்டிலியா, ஒஃபீலியா என்று பெயர். வளையத்தின் துகள்கள் சிதறிப் போகாமல் இருபுறமும் காத்து நிற்பவை அவை. காவலூர்க்காரர்கள் நிலவு இருப்பதாகச் சொன்ன இடத்தின் பக்கத்திலேயே நிலவுகள் இருந்தன.

வாயேஜர் கலங்கள் கண்ட புதிய நிலவுகளை வரிசையாகச் சொல்லப் போவதில்லை. யுரேனசுக்குப் பத்து, நெப்டியூனுக்கு ஆறு என்று அந்தப் பட்டியல் எங்கும் கிடைக்கும். ஆனால் அயோவை விட முடியாது. அயோ நான்கு சுற்று சுற்றுவதற்குள் யூரோப்பா இரண்டு சுற்று, கனிமீடு ஒரு சுற்று. கலிலியோ காலத்திலிருந்து சேர்த்த நேரக் கணக்கு தந்த விகிதம் இது. இந்த ஒழுங்கினால் அயோவின் பாதை முழு வட்டமாக மாற முடியாமல் சற்று நீண்டே இருக்கிறது. வியாழனுக்கு ஒருமுறை நெருங்கி ஒருமுறை விலகி, ஈர்ப்பினால் பிசையப்பட்டு, அதன் உள்ளே பாறை உருகியிருக்க வேண்டும் என்று ஸ்டான்டன் பீல், பேட்ரிக் காசன், ரே ரெனால்ட்ஸ் மூவரும் கணக்கிட்டார்கள். கட்டுரை வெளிவந்தது 1979 மார்ச் 2. வாயேஜர் 1 வியாழனைக் கடந்தது மார்ச் 5. சில நாட்களில், கலத்தின் பாதையைச் சரிபார்க்க எடுத்த படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த லிண்டா மொரபிட்டோ, அயோவின் விளிம்புக்கு மேலே குடைபோல எழும்பிய ஒரு வீச்சைக் கண்டார். அது எரிமலை. பூமிக்கு வெளியே, சீறிக்கொண்டிருக்கும் எரிமலையை மனிதர் கண்டது அதுவே முதல் முறை. சுற்றுக்காலத்தைத் துல்லியமாக அறிந்தால் உள்ளே என்ன கொதிக்கிறது என்பதுவரை சொல்லலாம் என்று காட்டிய வாரம் அது.

இனி, தொடக்கத்தில் சொன்ன 128 நிலவுகளைப் பார்ப்போம். இவை சில கிலோமீட்டர் அகலமே உள்ள பாறைகள். பெரும்பாலானவை கோள் சுழலும் திசைக்கு எதிர்த்திசையில், சாய்ந்த நீண்ட பாதைகளில், கோளிலிருந்து வெகு தொலைவில் சுற்றுபவை. கோளோடு பிறந்தவை இப்படிச் சுற்றா. சூரியக் குடும்பம் இளமையாக இருந்தபோது பிடிபட்ட சில பெரிய பாறைகள் பின்னர் மோதி உடைந்த சில்லுகள் இவை என்று கருதுகிறார்கள்.

இத்தனை மங்கிய புள்ளியை எப்படிப் பிடிப்பது? நீண்ட நேரம் ஒரே படமாக எடுத்தால், நகரும் நிலவு கோடாக இழுபட்டுப் பின்னணியில் கரைந்துவிடும். ஆகவே பல குறும்படங்களாக எடுக்கிறார்கள். பிறகு கோள் வானில் நகரும் வேகத்துக்கு ஏற்ப ஒவ்வொரு படத்தையும் சற்றுச் சற்று நகர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கணினியில் அடுக்குகிறார்கள். தேர் நகரும் வேகத்திலேயே நாமும் கூட நடந்தால் தேர் நின்றதுபோல் இருக்கும், தெருவோர வீடுகள்தாம் பின்னால் ஓடும். அதுபோல விண்மீன்கள் கோடுகளாகிவிட, கோளோடு சேர்ந்து நகரும் நிலவு மட்டும் ஒரு புள்ளியாகத் திரண்டு தெரியும்.

எட்வர்ட் ஆஷ்டன், பிரெட் கிளாட்மன் முதலியோர் அடங்கிய குழு ஹவாய்த் தீவின் மௌனா கியா உச்சியில் உள்ள 3.6 மீட்டர் தொலைநோக்கியில் 2019 முதல் 2021 வரை இப்படித் தேடியது. பல புள்ளிகள் கிடைத்தன. அவற்றில் பாதை உறுதியானவற்றை 2023-ல் அறிவித்தார்கள். மீதியை அறிவிக்க அவர்களுக்கு உரிமை இல்லை. புள்ளி தெரிந்தது, பாதை தெரியவில்லை. மீண்டும் 2023-ல் அடுத்தடுத்த மாதங்களில் அதே வானத்தைப் பார்த்து, பழைய புள்ளிகளைப் புதிய புள்ளிகளோடு இணைத்த பிறகே 128 என்ற எண் வெளிவந்தது. நிலவு தொலைந்து போவதும் நடக்கும். வியாழனின் தெமிஸ்டோவை சார்லஸ் கோவல், எலிசபெத் ரோமர் இருவரும் 1975-ல் கண்டார்கள். பாதையைத் துல்லியமாக்குமுன் அது கைநழுவிப் போயிற்று. 2000-ஆம் ஆண்டில் ஸ்காட் ஷெப்பர்டும் உடன் இருந்தோரும் புதிய நிலவு என்று ஒன்றைக் கண்டு, அதன் பாதையைப் பின்னோக்கிக் கணக்கிட்டபோதுதான் அது 1975-ல் தொலைந்ததே என்று தெரிந்தது.

மாணவ நண்பர்களுக்கு ஒரு செய்தி. இப்படி எடுத்த படங்களில் பெரும்பகுதி எடுத்த சில காலத்துக்குப் பின் பொதுவில் திறந்துவிடப்படுகிறது. 2021-ல் வியாழனின் ஒரு நிலவு, வானியலைத் தொழிலாகக் கொள்ளாத ஓர் ஆர்வலர் 2003-ல் எடுக்கப்பட்ட பழைய படங்களைத் தோண்டியதால் கிடைத்தது. இணையமும் கணினியும் உள்ள எந்த ஊர்க் கல்லூரியிலிருந்தும் செய்யக்கூடிய வேலை அது. ஆனால் அங்கே போகுமுன் கையில் பழக்கம் வேண்டும்.

ஆகையால் இந்த அவையில் உள்ள இயற்பியல் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் துறையில் உள்ள சிறு தொலைநோக்கி எதுவாயினும், இந்த ஆண்டு வியாழன் மாலை வானில் தெரியும் மாதங்களில் அதை மாணவர் கையில் கொடுங்கள். நான்கு நிலவுகளின் இடத்தையும் ஒவ்வொரு இரவும் அவர்களே வரையட்டும். அயோ நிழலில் மறையும் நேரத்தை விநாடிக் கணக்கில் குறித்து, அட்டவணையோடு ஒப்பிட்டு, உங்கள் ஊரின் தீர்க்கரேகையைக் கணக்கிடட்டும். விடை கைப்பேசியில் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். தாங்களே கணக்கிட்டு அதன் பக்கத்தில் வந்து நின்ற மாணவர்களுக்குத்தான் நாளை அந்தப் பழைய படங்களில் ஒரு புள்ளியை இனங்காண முடியும். அப்படி எழுதப்படும் குறிப்பேடுகளில் சிறந்த ஒன்றை அடுத்த ஆண்டுச் சொற்பொழிவோடு சேர்த்து, மாணவரின் பெயருடன் அச்சிட வேண்டுமென்று அறக்கட்டளையாரைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கான அச்சுச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.